என் கழுத்தில் அவள் தாலி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி மண்டபத்தில், என் அக்கா மகளுக்கு நலங்கு வைத்த சனிக்கிழமை மாலை நடந்தது இது. அன்று அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் இன்றும் என்னைக் கண்டால் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கழுத்தைப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

நான் கூட்டத்தில் பேசுகிற ஆள் இல்லை. கேரித் தீவில் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு லோரிதான். இப்போது கிள்ளானில் இருக்கிறோம். சமையல் கேஸ் சிலிண்டர்களை, எங்கள் பேச்சில் தோங்குகளை, லோரியில் ஏற்றிக்கொண்டு போய் வீடு வீடாகவும் கடை கடையாகவும் இறக்குவது என் வேலை. தோங்கை வைத்துவிட்டுத் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவேன். கல்யாண வீட்டில் என்னைத் தேடுகிறவர்கள் நேரே சமையல்கட்டுக்கு வருவார்கள். அடுப்புக்கு கேஸ் மாட்டிவிட்டு அங்கேயே ஒரு மூலையில் நின்றுகொண்டிருப்பேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

என் மனைவி அப்படி இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு மாலை வகுப்புக்குப் போய்க் கணக்கியலில் பட்டம் வாங்கினாள். பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தில் பல வருடம் கணக்கு எழுதினாள். ஒருநாள் அந்த அலுவலகத்தை மூடிவிட்டார்கள். வேறு வேலை தேடுவாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, நாற்பது தாண்டிய வயதில், தாதியாகப் போகிறேன் என்றாள்.

அது திடீரென்று வந்த எண்ணம் இல்லை. அதற்கு முந்தைய வருடம் அவளுடைய அம்மா மருத்துவமனையில் கிடந்தார். உடம்பெல்லாம் புண். யார் தொட்டாலும் கத்துவார். ஒரு தாதி மட்டும் தொட்டால் கத்தமாட்டார். அந்தத் தாதி எப்படிக் கையைக் கொடுத்துப் புரட்டுகிறார் என்று என் மனைவி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். அம்மா போன பிறகும் அந்தக் கையைப் பற்றியே பேசுவாள்.

ஏற்கனவே ஒரு பட்டம் வைத்திருப்பவர்களுக்கென்று ஒரு தனியார் கல்லூரி தாதியர் படிப்பைச் சுருக்கி நடத்தியது. மற்றவர்கள் நான்கு வருடம் படிப்பதை இவர்கள் இரண்டே வருடத்தில் ஓடி முடிக்க வேண்டும். அவள் வகுப்பில் வங்கியில் இருந்தவர், விமானத்தில் பணிப்பெண்ணாக இருந்தவர், டியூஷன் சொல்லிக்கொடுத்தவர் என்று எல்லோரும் வேறு பிழைப்பிலிருந்து வந்தவர்கள். விடுமுறை என்பதே இல்லை. மருத்துவமனையில் செய்யும் பயிற்சிக்குப் போஸ்டிங் என்று பெயர். ஒரு போஸ்டிங்கைத் தவறவிட்டால் அடுத்த குழு சேரும்வரை வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். அடுத்த குழு சேருமா என்பதும் நிச்சயமில்லை.

பள்ளிக்கூடம் போகும் மகளும் தாயும் ஒரே மேசையில் உட்கார்ந்து படித்தார்கள். ஒருத்தி தூங்கினால் இன்னொருத்தி உதைப்பாள். நான் அவர்களுக்கு உடம்பு கொடுத்தேன். என் கையில் இரத்த அழுத்தம் பார்த்தாள், எனக்குக் கட்டுப் போட்டாள், படுக்கையில் இருப்பவரை அசைக்காமல் விரிப்பை மாற்றுவது எப்படி என்று என்னைப் படுக்க வைத்துப் பழகினாள். நோயாளி இவ்வளவு கனமாக இருக்கக்கூடாது என்று திட்டு வேறு வாங்கினேன்.

சொந்தக்காரர்கள் பேசினார்கள். ஏர்கோனில் உட்கார்ந்திருந்தவள் ஊரார் மூத்திரம் அள்ளப் போகிறாளா என்று அக்கா வீட்டில் ஒருமுறை பேச்சு வந்தது. "ஆமா அண்ணி, அள்ளத்தான் போறேன். கையுறை குடுப்பாங்க" என்று சொல்லிவிட்டு என் மனைவி தேநீர் ஊற்றிக்கொண்டாள். அந்தப் பேச்செல்லாம் அவளை ஒன்றும் செய்யவில்லை. தாலி விஷயம் வந்தபோதுதான் ஆடிப்போனாள்.

கோலாலம்பூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் ஆப்பரேஷன் தியேட்டர் போஸ்டிங் தொடங்கிய அன்று, அங்கே பொறுப்பில் இருந்த மூத்த தாதி எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, கழுத்து, காது, விரல், மணிக்கட்டு எதிலும் ஒன்றும் இருக்கக்கூடாது என்றிருக்கிறார். சட்டைக்குள் ஊக்குப் போட்டுக் குத்தி வைத்துக்கொள்ளலாமா என்று என் மனைவி கேட்டிருக்கிறாள். அவர் கோபப்படவில்லையாம். கழற்று, இல்லையென்றால் வெளியே நில் என்று சாதாரணமாகச் சொன்னாராம். அன்று முழுவதும் இவள் வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் சாப்பிடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அது அவள் கழுத்தைவிட்டு இறங்கியதே இல்லை. பிரசவத்தின்போதுகூடச் சங்கிலிக்குப் பதில் மஞ்சள் கயிற்றில் கோத்துக் கழுத்திலேயே இருந்தது. மாணவிகளுக்குக் கொடுத்த அலமாரியின் பூட்டு சரியில்லை. வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போக அவளுக்கு மனசு வரவில்லை. சுவாமி படத்துக்கு முன்னால் வைக்கலாமே என்றேன். அது யாரோ செத்துப்போன வீடு மாதிரி இருக்கும் என்றாள்.

மறுநாள் காலையில் மருத்துவமனை வாசலில் எங்கள் வீட்டு வேனை நிறுத்தினேன். இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கழற்றி, கண்ணில் ஒற்றி, என் கையில் வைத்தாள். பத்திரம் என்றுகூடச் சொல்லவில்லை. இறங்கி நடந்தபோது அவள் கழுத்தைச் சுற்றி வெளுப்பாக ஒரு கோடு தெரிந்தது.

கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பையில் வைத்தேன். அன்றே ஒரு சாப்பாட்டுக்கடையின் பின்பக்கம் தோங்கை இறக்கக் குனிந்தபோது, கைக்குட்டை பையிலிருந்து நழுவி, சாக்கடை மூடிக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டது. என்னோடு வரும் லோரி உதவியாள் ஒரு மலாய்க்காரர், என் வயதுதான். அவர்தான் பாய்ந்து எடுத்தார். முடிச்சு அவிழ்ந்து உள்ளே இருந்தது தெரிந்தது. உங்கள் மனைவியுடையதா என்று கேட்டார். தலையாட்டினேன். பையில் வைத்தால் இன்னொருமுறை விழும், கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள் அண்ணே, கழுத்து எங்கேயும் விழாது என்றார்.

யோசித்துப் பார்த்தேன். சாக்கடை மூடியையும் பார்த்தேன். லோரிக்குள் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, போட்டுக்கொண்டேன்.

அன்றிலிருந்து போஸ்டிங் நாட்களில் காலையில் அவள் கழற்றுவாள், நான் போட்டுக்கொள்வேன், சாயங்காலம் வேனுக்குள்ளேயே அவள் கழுத்துக்குத் திரும்பும். கழுத்தில் கனமாக ஒன்று தொங்குவது எனக்குப் பழக்கமில்லை. தோங்கைத் தோளில் தூக்கினால் சங்கிலி எலும்புக்கும் இரும்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு வலிக்கும். நம் பெண்கள் தாலிச் சங்கிலியில் நாலைந்து ஊக்கு மாட்டி வைத்திருப்பார்களே, இவளும் வைத்திருந்தாள். அது எவ்வளவு உபயோகம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றார்கள். பர்னரின் ஓட்டை அடைத்திருந்தது. சட்டைக்குள் கையைவிட்டு ஒரு ஊக்கை எடுத்துக் குத்திவிட்டேன். அந்த வீட்டு அம்மா, ஊக்கு எங்கேயிருந்து வந்தது என்று எட்டிப் பார்த்ததும் நான் அவசரமாகக் கிளம்பிவிட்டேன். எங்கள் முதலாளி, தவுக்கே, ஒருநாள் என் சட்டை விலகியபோது பார்த்துவிட்டு, அடகுக்கடைக்குப் போகிற வழியா என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் சிரிக்கவில்லை. தோங் தூக்கும்போது ஜாக்கிரதை என்று மட்டும் சொன்னார்.

வெளியாட்களுக்கு அது அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அப்படி இல்லை.

இங்கே என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வீட்டுக்காரர் ஒரு விபத்தில் போய்ப் பல வருடம் ஆகிறது. காரியத்தன்று சொந்தக்காரப் பெண்கள் அக்காவை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்கள். நான் வெளியே நின்றேன். தாலியைக் கழற்றியபோது உள்ளேயிருந்து வந்த சத்தத்தை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த நல்ல காரியத்திலும் அக்கா முன்வரிசைக்கு வந்ததில்லை. யாரும் வராதே என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

ஒருநாள் மதியம் அக்கா என் மனைவிக்கு வீடியோவில் அழைத்தார். இவள் சாப்பாட்டு நேரத்தில், தியேட்டர் உடுப்போடு, யோசிக்காமல் எடுத்துவிட்டாள். வெறும் கழுத்தை அக்கா பார்த்துவிட்டார். அன்று மாலையே கிள்ளானுக்கு ரயில் ஏறி வந்துவிட்டார். இவளிடம் ஒன்றும் பேசவில்லை. என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, "தம்பி, உன் பொண்டாட்டி படிக்கிறா சரி, நீ உயிரோட இருக்கணுமா, வேணாமாடா?" என்று கேட்டார்.

பகலில் அது என் கழுத்தில் இருக்கிறது என்பதை நான் சொல்லவில்லை. அந்தப் படிப்பை நிறுத்தச் சொல் என்றார். மகள் கல்யாணத்தில் தாய்மாமன் மனைவி என்று சபையில் நிற்க வேண்டியவள், அந்தக் கழுத்தோடு நிற்கக்கூடாது என்றார். என் மனைவி உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அக்கா மீது அவளுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் பிரச்சினை. கோபம் வந்திருந்தால் தைரியமாக இருந்திருப்பாள். நலங்கு அன்று காலையில், வேனில் வைத்து, "இன்னைக்கு அண்ணி மனசு நோகுற மாதிரி ஏதாச்சும் நடந்தா நான் விட்டுடறேங்க. இந்தப் படிப்பு இல்லாமயும் நான் இருந்தேன்ல" என்றாள். படிப்பு முடியக் கொஞ்ச காலம்தான் இருந்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தேன். அவள் கழற்றிக் கொடுத்தாள். போட்டுக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமையும் அவர்களுக்குப் போஸ்டிங் இருந்தது. எங்கள் திட்டம் எளிதானது. அவள் மருத்துவமனையிலேயே சேலை மாற்றிக்கொண்டு ரயிலில் வருவாள். நான் மண்டபத்துப் படிக்கட்டுக்குக் கீழே காத்திருப்பேன். அங்கேயே அவள் போட்டுக்கொண்டு மேலே வருவாள். யாருக்கும் ஒன்றும் தெரியாது.

ஆனால் தாய்மாமனை யாரும் சும்மா விடமாட்டார்கள் என்பதை மறந்துவிட்டேன். சீர்த்தட்டைத் தூக்கச் சொன்னார்கள். மாலை போட்டார்கள். மேடையில் பெண்ணுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, படம் எடுப்பவர் அசையாதீர்கள் என்றார். ஜிப்பாவின் கழுத்துப் பொத்தானை மேலே வரை போட்டிருந்தேன். ஜிப்பாவிலும் வேட்டியிலும் பை இல்லாததால் கைபேசியை ஒரு துணிப்பையில் போட்டுக் கீழே யாரிடமோ கொடுத்திருந்தேன். இறங்கப் பார்த்தபோதெல்லாம் யாராவது ஒருவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

எங்கள் வழக்கப்படி முதல் நலங்கு தாய்மாமன் மனைவி வைக்க வேண்டும். அவள் வந்துதான் தொடங்க முடியும். எல்லோரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். அதனால் அவள் படிக்கட்டு அருகே வந்ததுமே, வந்தாச்சு வந்தாச்சு என்று நாலைந்து பெண்கள் கையைப் பிடித்து நேரே மேடைக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். முந்தானையைத் தோள் இரண்டையும் சுற்றிப் போர்த்தியிருந்தாள். என்னைத் தேடி அவள் கண் அலைந்தது எனக்குத் தெரிந்தது.

அக்கா பின்னால் நின்றதால், அவருடைய நாத்தனார்தான் முன்னால் நின்று எல்லாம் நடத்திக்கொண்டிருந்தார். அக்கா வீட்டுக்காரரின் தங்கை. சந்தனக் கிண்ணத்தை எடுத்து என் மனைவியிடம் நீட்டினார். வாங்க இவள் கையை நீட்டியதும் முந்தானை சரிந்தது.

"என்னம்மா கழுத்து மொட்டையா இருக்கு?"

அவரிடம் இருக்கிறது என்று என் மனைவி சொன்னாள். எந்த அடகுக்கடையில் வைத்திருக்கிறார் என்று அந்தம்மா கேட்டார். சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது, ஏனென்றால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்கா பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தார். மேடையில் ஏறவில்லை. கீழேயே நின்று, யாருக்கும் கேட்காதது மாதிரி, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"இந்தக் குடும்பத்துல நான் ஒருத்தி கழட்டுனது போதாதா?"

என் மனைவியின் முகம் விழுந்துவிட்டது. சந்தனத்தைத் தொடாமலே கையை இழுத்துக்கொண்டாள். மேடையிலிருந்து இறங்கத் திரும்பினாள். காலையில் வேனில் சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது. அந்த ஒரு படியை அவள் இறங்கினால், திங்கட்கிழமை மருத்துவமனைக்குப் போகமாட்டாள். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. இரண்டு வருடம் தூங்காமல் படித்ததும், என் கையில் கட்டுப் போட்டுப் பழகியதும் அந்த ஒரு படியில் முடிந்துவிடும்.

நான் எழுந்தேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கூட்டம் மொத்தமும் என்னைப் பார்த்தது. அவ்வளவு பேர் என்னைப் பார்த்து எனக்குப் பழக்கமே இல்லை. கல்யாணத்தன்றுகூட எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். ஜிப்பாவின் பொத்தானைக் கழற்ற விரல் வழுக்கியது. ஒன்றைப் பிய்த்தேவிட்டேன். உள்ளே கைவிட்டு, சங்கிலியை எடுத்து, மாலையை விலக்கி, ஜிப்பாவுக்கு மேலே போட்டேன். ஊக்குகள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன.

"தாலி எங்கயும் போகல. நான்தான் போட்டிருக்கேன்" என்றேன்.

என் குரல் பின்வரிசைவரை போய்ச் சேர்ந்தது.

பின்வரிசையில் எங்கள் சொந்தக்காரர் ஒருவர், "அப்ப வளையலும் போட்டுக்கிற வேண்டியதுதானே லா" என்றார். ஆண்கள் பக்கம் சிரிப்பு.

"வாங்கிட்டு வாங்க. போட்டுக்கிறேன்."

என் வாயிலிருந்துதான் அது வந்தது என்று நம்புவதற்கு எனக்கே கொஞ்சம் நேரம் பிடித்தது. சிரித்தவர்கள் அடங்கிவிட்டார்கள். நான் நிறுத்தவில்லை. தியேட்டரில் கழுத்தில் எதுவும் இருக்கக்கூடாது, அங்கே வயிற்றைத் திறந்துபோட்டுக்கொண்டு ஒரு மனுஷன் கிடப்பான், அவனுக்குக் கிருமி போகக்கூடாது, அதனால் கழற்றுகிறாள், கழற்றியதை நான் போட்டுக்கொண்டு கேஸ் தூக்குகிறேன், இன்றுவரை எனக்கு ஒன்றும் ஆகவில்லை, இதில் என்ன தப்பு என்று கேட்டேன். என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

நாத்தனார் கொஞ்சம் தணிந்து, சரி சரி, நேரம் போகிறது, கழற்றி அவள் கழுத்தில் போடு, ஆரம்பிக்கலாம் என்றார். அதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். சங்கிலியைத் தலைவழியாகத் தூக்கப்போனேன். என் மனைவி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க. திங்கக்கிழமை மறுபடியும் கழட்டணும். போட்டுப் போட்டுக் கழட்டுறது எனக்குப் பிடிக்கல. உங்ககிட்டயே இருக்கட்டும்."

சொல்லிவிட்டு வெறும் கழுத்தோடு சந்தனக் கிண்ணத்தின் பக்கம் போனாள். நாத்தனார் கிண்ணத்தைக் கையால் மூடிக்கொண்டார். தாலி இல்லாதவள் கையால் நலங்கு வைப்பதா, என் அண்ணன் மகளுக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். அதுவரை தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த மணப்பெண், என் அக்கா மகள், நிமிர்ந்தாள். அத்தை, மூடாதீங்க என்று சொல்லி, தானே கையை நீட்டிக் கிண்ணத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கன்னத்தைத் திருப்பி, வைங்க மாமி என்றாள்.

என் மனைவி வைத்தாள். இரண்டு கன்னத்திலும், இரண்டு கையிலும், நெற்றியில் குங்குமமும். பொறுமையாக வைத்தாள். அந்த அலங்காரத்தில் ஒரு மடிப்பும் கலையவில்லை. அம்மா படுக்கையருகே நின்று அவள் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கையைத்தான் நான் அப்போது அவளிடம் பார்த்தேன்.

பன்னீர் தெளித்துவிட்டு அவள் நகர்ந்ததும், அடுத்த பெண்கள் வரிசை கட்டினார்கள். மணப்பெண் அவர்களை நிறுத்தினாள். கூட்டத்துக்குள் பார்த்து, "அம்மா, அடுத்து நீங்க வாங்க" என்றாள்.

அக்கா இரண்டு அடி பின்னால் போனார். எனக்கு எதுக்கும்மா, பெரியவங்க வைக்கட்டும் என்று என்னவோ சொன்னார்.

"மாமி கழுத்துலயும் இல்ல. உங்க கழுத்துலயும் இல்ல. மாமி வச்சாங்கள்ல? வாங்க."

அக்கா தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். கால் நகரவில்லை. யாரும் அவரைப் பிடித்துத் தள்ளவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. அத்தனை வருடமாக நடந்ததுதான் அன்றும் நடந்தது. எனக்கு அந்தச் சாத்திய கதவு நினைவுக்கு வந்தது. அன்று வெளியே நின்றேன். இன்று எதற்கு நிற்க வேண்டும் என்று தோன்றியது. மேடையைவிட்டு இறங்கினேன். தாலி என் நெஞ்சில் ஆடிக்கொண்டே வந்தது. அக்கா கையைப் பிடித்தேன். பனிக்கட்டி மாதிரி இருந்தது.

"வாக்கா."

வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் கையை விடவும் இல்லை. அக்கா வந்தார்.

நாத்தனாரும் அவர் பக்கத்துச் சிலரும் கிளம்பிக் கீழே போய்விட்டார்கள். போகிறவர்களை யாரும் தடுக்கவில்லை. அக்கா சந்தனத்தை அள்ளினார். தொட்டு வைக்கத் தெரியாதவர் மாதிரி, ஒரு கை நிறைய அள்ளி மகள் கன்னத்தில் அப்பிவிட்டார். மூக்கிலும் கண்ணிமையிலும் பட்டது. அலங்காரம் செய்த பெண் பதறிப்போய்ப் பஞ்சோடு ஓடி வந்தாள். மகள் அவளைக் கையால் தடுத்துவிட்டு, சந்தனத்தோடேயே சிரித்துக்கொண்டு அழுதாள். அக்கா அழவில்லை. இன்னொரு கன்னத்துக்கு மறுபடியும் அள்ளினார்.

எல்லாம் முடிந்து நான் சமையல்கட்டுக்குப் போய்விட்டேன். ஒரு தோங் தீர்ந்துவிட்டது என்றார்கள். மாற்றுவதற்குக் குனிந்தேன். சங்கிலி முன்னால் தொங்கித் தோங்கின் பிடியில் மாட்டிக்கொண்டது. விடுவித்துக்கொண்டிருந்தபோது அக்கா வந்தார். கையில் இன்னும் சந்தனம் காயாமல் இருந்தது. என்னை நிமிரச் சொன்னார். தன் சேலைத் தோளிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றினார். என் ஜிப்பாவுக்குள் கைவிட்டு, சங்கிலியைப் பனியனோடு சேர்த்துக் குத்தினார். இழுத்துப் பார்த்தார்.

"தூக்கும்போது மாட்டிக்கும்டா. தினமும் இப்படிக் குத்திக்க" என்றார்.

மறுநாள் கல்யாணத்தில் தாய்மாமன் சீரை நான் ஜிப்பாவுக்கு மேலே தாலி தெரியத்தான் தூக்கிக்கொண்டு போனேன். படமெடுத்துக் குடும்பத்து வாட்ஸ்அப்பில் போட்டுச் சிரித்தார்கள். சிலர் நன்றாக எழுதினார்கள், சிலர் மோசமாக எழுதினார்கள். என் மகள் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினாள். வீட்டில் ஒரு கண்ணாடி வளையல் பொட்டலமும் வந்து சேர்ந்தது, யார் அனுப்பியது என்று தெரியாது. அளவு என் கைக்குப் பற்றவில்லை, மகள் போட்டுக்கொண்டாள். திங்கட்கிழமை காலையில் மருத்துவமனை வாசலில் வேனை நிறுத்தியதும் என் மனைவி கதவைத் திறந்து நேரே இறங்கினாள். கழற்ற ஒன்றும் இல்லை.

அவள் படிப்பை முடித்துவிட்டாள். இப்போது ஒரு மருத்துவமனையில் ஆப்பரேஷன் தியேட்டரிலேயே தாதியாக இருக்கிறாள். அவள் கழுத்திலிருந்த வெளுப்புக் கோடு மறைந்துவிட்டது. எனக்கு ஒரு கோடு விழுந்திருக்கிறது. அக்காவின் ஊக்கு பனியனில் தினமும் இடம் மாறிக்கொண்டிருக்கிறது. போன மாதம் சொந்தத்தில் ஒரு வளைகாப்பு நடந்தபோது, அக்கா யாரும் கூப்பிடாமலே முன்வரிசையில் போய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.

கூட்டத்தில் பேச எனக்கு இன்னும் வரவில்லை. தோங்கை இறக்கிவிட்டுத் தலையை ஆட்டிவிட்டுத்தான் வருகிறேன். ஆனால் சட்டைக்குள் மறைப்பதை அன்றோடு விட்டுவிட்டேன். அது என்ன என்று யாராவது கேட்டால் என் மனைவியின் தாலி என்று சொல்கிறேன். ஏன் என்று கேட்டால், அவள் வேலைக்குப் போயிருக்கிறாள் என்கிறேன். தாலி புருஷனின் உயிரைக் காக்கும் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். அவள் போக நினைத்த இடத்துக்குப் போய்ச் சேரும்வரை அதைக் காத்து வைத்திருப்பதுதான் புருஷனின் வேலை என்று, தோங்கைத் தோளில் தூக்கும் ஒவ்வொரு முறையும் அது எலும்பில் அழுந்தி எனக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.